ஆறு நாள் நிற்கும் கார்

என் கணவரின் தங்கை லுணுகலையில் இருக்கிறாள். அவளுடைய மகனுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற தாய்மாமன் என் கணவர் ஒருவர்தான். ஆகவே ஹாலிஎலயில் எங்கள் வீட்டிலிருந்து ஏழு மணிக்கே கிளம்பத் தயாரானோம். கடுக்கன், புதுச்சட்டை, பழத்தட்டு எல்லாம் பின் சீட்டில். அவர் பட்டு வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். இந்த முறை அந்த டிக்கும் மெலிந்திருந்தது. டேஷ்போர்டில் எரிந்த விளக்குகள் தூக்கம் வந்த கண்களைப் போல மங்கின.

"தள்ளிப் பாப்போமா?" என்றேன்.

"ஆட்டோ கியர் வண்டியத் தள்ளி என்ன பண்றது? தள்ளிக்கிட்டே லுணுகலை வரைக்கும் போக வேண்டியதுதான்."

அக்கம்பக்கத்தில் யாரிடமும் பேட்டரிக்குப் பேட்டரி கொடுக்கும் கேபிள் இல்லை. வாடகை வேன் ஒன்றைப் பிடித்து, அது வந்து சேர்ந்து, பதுளையைத் தாண்டி, பசறைச் சந்தியில் ஒரு மரக்கட்டை லொறிக்குப் பின்னால் ஊர்ந்து, நாங்கள் லுணுகலைக்குப் போய் இறங்கும்போது மணி பதினொன்றுக்குப் பக்கம். பிள்ளை அழுது களைத்து அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற என் நாத்தனார் என்னைப் பார்த்து "வாங்க அண்ணி" என்றாள். அண்ணனை வாங்க என்று சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் இன்னொரு நல்ல நேரம் இருப்பதாக ஐயர் கண்டுபிடித்துச் சொன்னார். வந்திருந்த சனம் எல்லாம் சாப்பாட்டு வாசனையை முகர்ந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது. காது குத்தி முடிந்து, பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்றும்போதுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"பஸ்ஸுல வந்தவங்க எல்லாம் நேரத்துக்கு வந்துட்டாங்க அண்ணி. கார் வச்சிருக்கவங்கதான் வரல."

பாயசத்தைக் குடித்து முடித்தேன். ஆனால் அந்த டிக் சத்தம் மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஓடிய கார். யாரும் தொடவில்லை. ஷெட்டில் சும்மா நின்றதற்கு என்ன களைப்பு?

எங்கள் கார் சும்மா நிற்கிற கார்தான் என்பதைச் சொல்ல வேண்டும். என் கணவர் மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பீல்ட் ஒபிசர். அங்கே குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டு சனிக்கிழமை பஸ்ஸில் வருவார், திங்கள் விடியலில் பஸ்ஸில் போவார். அந்த ரோட்டில் காரை எடுத்துக்கொண்டு போனால் அடித்தட்டு போய்விடும் என்று ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டார். நான் பதுளையில் அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். டவுனில் காரை நிறுத்த இடம் தேடுவதைவிட எனக்கும் பஸ்தான் சுலபம். ஆக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் வெளியே வரும். மற்ற ஆறு நாளும் ஷெட்டில்.

கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், வந்து பார்த்தார். பானெட்டைத் திறந்தவுடனேயே தீர்ப்பு வந்துவிட்டது.

"பேட்டரி முடிஞ்சுது மிஸ். புதுசு போட்டா சரி."

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எந்தப் பெண்ணும் எங்கள் பக்கத்தில் மிஸ்தான். புதுசு போட்டோம். கார் முதல் திருப்பலிலேயே உறுமியது. எனக்கு ஏனோ முழுத் திருப்தி வரவில்லை. காரணம் தெரியாமல் குணமான நோயாளியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஐந்து வாரத்தில் மறுபடி டிக்.

இந்த முறை என் கணவர் ஒரு முடிவோடு வந்தார். சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு உரச் சாக்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினார். உள்ளே பச்சைப் பெயிண்ட் உரிந்த இரும்புப் பெட்டி. மேலே முள் வைத்த ஒரு மீட்டர், பக்கத்தில் இரண்டு தடித்த கிளிப். தோட்டத்தில் லொறி ஓட்டி ரிட்டையர் ஆன ஒருவர் கொடுத்தாராம்.

"லொறி பேட்டரிக்கே போட்டது. நம்ம கார் எல்லாம் இதுக்கு ஒரு தூசி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினோம். முள் விர்ரென்று ஏறி நின்றது, பெட்டி வண்டு மாதிரி ரீங்கரித்தது. நாங்கள் சந்தைக்குப் போனோம். அங்கிருந்து என்னோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டில் பால் காய்ச்சினார்கள் என்று அங்கே போனோம். சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டோம். திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போது மூன்று மணி இருக்கும். ஷெட்டுக்கு இருபது அடி முன்னாலேயே அழுகிய முட்டை நாற்றம்.

பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. உள்ளே ஏதோ சோறு கொதிக்கிற மாதிரி சளசளவென்று சத்தம். என் கணவர் பதறிப் போய் கிளிப்பைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"நில்லுங்க! கிளிப்பத் தொடாதீங்க! மொதல்ல செவுத்து சுவிட்ச்ச ஆஃப் பண்ணுங்க!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கை அப்படியே நின்றது. கொதிக்கிற பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளிப்பைப் பிடுங்கினால் ஒரு பொறி பறக்கும். அந்த ஒரு பொறி போதும். பள்ளிக்கூடத்தில் சோதனைக் குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டி 'பப்' என்று கேட்ட அதே வாயுதான். இங்கே குழாய் இருந்த இடத்தில் எங்கள் ஷெட். சுவிட்ச்சை அணைத்து, கதவுகளை அகலத் திறந்து, வாசலுக்கு வெளியே நின்று இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சளசளப்பு அடங்க அரை மணிக்கு மேல் ஆயிற்று.

அந்த வாரம் துவைக்கும்போது, அன்று என் கணவர் கட்டியிருந்த சாரத்தில் மிளகு அளவில் ஏழெட்டு ஓட்டைகள் இருந்ததைக் கண்டேன். தெறித்த அமிலம். தோலில் படாமல் விட்டதே என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் காட்டவில்லை.

உப்பிய பேட்டரியைக் கொண்டுபோனால் மாற்றித் தர மாட்டார்கள் என்று பாஸ் சொல்லிவிட்டார். இரண்டாவது பேட்டரியும் போயிற்று. எனக்கு அப்போது வந்தது கோபம் என்று சொல்ல முடியாது. இத்தனை வயது வரைக்கும் இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லையே என்கிற வெட்கம்தான் வந்தது.

நான் மடுல்சீமைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். எங்கள் லயத்துக்குக் கரன்ட் வருவதற்கு முன்பே டி.வி. வந்துவிட்டது. கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளை டி.வி. பேட்டரி இறங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வந்து நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஆகிவிடும். அப்பா பேட்டரியைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் "கரன்ட் நெரப்பிட்டு" வருவார். என்னத்தை நிரப்புகிறார்கள், திரும்பி வரும்போது கனம் கூடியிருக்குமா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு தடவை சாக்கைத் தூக்கிப் பார்த்து விரலை நசுக்கிக்கொண்டேன். கனம் கூடியிருந்ததா என்பது அன்றைக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நானும் மறந்துவிட்டேன்.

பதில் ஆய்வுகூடத்திலேயே இருந்தது. சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்க நாங்கள் ஒரு கண்ணாடி மிதவையைப் பயன்படுத்தியிருக்கிறோம். திரவம் கனமாக இருந்தால் மிதவை உயர்ந்து நிற்கும், நீர்த்திருந்தால் தாழும். பேட்டரித் தண்ணீரைப் பார்க்கிற கருவியும் அதே மிதவைதான், ஒரு ரப்பர் பல்பு வைத்த குழாய்க்குள் அடைத்திருக்கிறார்கள். சார்ஜ் ஏறினால் அமிலம் தண்ணீருக்குள் வந்து கனக்கிறது. இறங்கினால் ஈயத் தகடுகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. பேட்டரியின் மொத்தக் கனம் மாறுவதே இல்லை. உள்ளே இடம் மட்டும் மாறுகிறது. இதைப் படித்த அன்று பஸ்ஸில் எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. விரலை வீணாக நசுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இனி சார்ஜர் வாங்குவதென்றால் நானே வாங்குவது என்று முடிவு செய்தேன். என் கணவர் எதிர்க்கவில்லை. "பாத்து வாங்கு" என்று மட்டும் சொன்னார். இரும்புப் பெட்டி அதே சாக்கில் மடுல்சீமைக்குத் திரும்பிப் போயிற்று.

பதுளை டவுனில் மின்சாமானும் வாகனச் சாமானும் விற்கிற ஒரு பழைய கடை இருக்கிறது. முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். சாமானைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அவருடைய மருமகளைத்தான் கேட்க வேண்டும். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கரன்ட்டை அளக்கிற மல்டிமீட்டரை, மற்றப் பெண்கள் கைப்பையை வைத்திருக்கிற மாதிரி எப்போதும் கையெட்டும் தூரத்தில் வைத்திருப்பாள்.

"நல்ல சார்ஜர் ஒண்ணு வேணும்" என்றேன்.

"எந்தப் பேட்டரிக்குங்க?"

"கார் பேட்டரிக்கு."

"அதுல எத்தன ஏ.எச். போட்டிருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இரத்தம் கொடுக்க வந்தவர்களிடம் என்ன பரிசோதனை என்று கேட்டால் "எல்லா டெஸ்ட்டும்" என்பார்கள். நான் எத்தனை முறை மனதுக்குள் சலித்துக்கொண்டிருப்பேன்! இப்போது அந்த இடத்தில் நான் நின்றேன். அவள் சலித்துக்கொள்ளவில்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்க மிஸ். ஏ.எச்.னு போட்டு ஒரு நம்பர் இருக்கும். பேட்டரிக்கு எவ்வளவு பெரிய வயிறுன்னு அதான் சொல்லும். அதுல பத்துல ஒரு பங்கு வேகத்துலதான் ஊட்டணும். லொறிக்கு ஊட்டுற வேகத்துல காருக்கு ஊட்டினா வாந்தி எடுத்துரும்."

"எடுத்துருச்சு" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று மாலை உப்பிய பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தாளை ஈரத் துணியால் துடைத்துப் படித்தேன். முப்பத்தைந்து ஏ.எச். அப்படியென்றால் மூன்றரை, அதிகம் போனால் நாலு ஆம்பியர். அந்த இரும்புப் பெட்டியின் முள் இருபதுக்குப் பக்கத்தில் நின்றது ஞாபகம் வந்தது. நாங்கள் அதை ஒரு பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு வாரம் கழித்து அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மருமகள் மூன்று சார்ஜரை மேசையில் எடுத்து வைத்தாள். ஒன்று லேசான பிளாஸ்டிக் பெட்டி, மேலே பத்து ஆம்பியர் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. இரண்டாவது நாலு ஆம்பியர், கண்ணாடித் திரையில் எண் எல்லாம் தெரியும். மூன்றாவதும் நாலு ஆம்பியர்தான். அதில் திரை இல்லை, பொத்தானும் இல்லை, மூன்று சின்ன விளக்கு மட்டும்.

என் மனம் திரை வைத்ததன் மேல் போயிற்று. எண் தெரிகிற எதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் கேட்டேன்.

"மூணையும் மாட்டிப் பாக்க முடியுமா?"

கல்லாவிலிருந்து முதலாளி தலையை நீட்டினார். "மிஸ்ஸு சார்ஜர் வாங்க வந்தீங்களா, பரீட்ச வைக்க வந்தீங்களா?"

"பரீட்ச வச்சிட்டு வாங்குறேங்க."

"சரி மாமா, மத்தியானம் யாவாரம் இல்லாத நேரந்தானே" என்று சொல்லிவிட்டு மருமகள் கடைப் பேட்டரி ஒன்றை இழுத்து வந்தாள். ஸ்பீக்கர், ஹார்ன் எல்லாம் சோதித்துக் காட்ட வைத்திருக்கிற பேட்டரி. ஒரு ஹெட்லைட் பல்பைக் கொடுத்து அதைக் கொஞ்சம் இறக்கினாள். பிறகு முதல் பெட்டியை மாட்டி, மல்டிமீட்டரை அதன் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள்.

பதின்மூன்று வோல்ட், பதின்மூன்றரை, பதினாலு. எண் ஏறிக்கொண்டே போயிற்று. பதினாலு புள்ளி நாலில் நிற்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். நிற்கவில்லை. பதினைந்தைத் தாண்டியது. பெட்டியின் வயரை அவள் என் கையில் கொடுத்தாள். சூடாக இருந்தது.

"பத்து ஆம்பியர்னு போட்டிருக்கு. இந்த மெல்லிசு வயருல பத்து எப்படிப் போகும்? போகாது. ஆனா நிறுத்தவும் தெரியாது இதுக்கு." அவள் கழற்றி ஓரமாக வைத்தாள். மாமனாரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "விக்கத்தான் வச்சிருக்கோம். ஆனா ஒங்களுக்கு நான் தரமாட்டேன்" என்றாள்.

திரை வைத்தது அழகாகப் படித்துக் காட்டியது. பதினாலு புள்ளி நாலு வந்ததும் அங்கேயே நின்றது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் தானாக இறங்கி பதின்மூன்றரையில் போய் உட்கார்ந்தது. இதுதான் தாங்கிப் பிடிக்கிற நிலை, இப்படியே எத்தனை நாள் விட்டாலும் கொதிக்காது என்றாள் மருமகள். மூன்றாவதும் அப்படியே செய்தது. மீட்டரைப் பார்த்தால்தான் தெரிந்தது. அது தன் பாட்டுக்கு மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறிவிட்டுச் சும்மா இருந்தது. இதற்குள் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். பல்பு வாங்க வந்த ஒருவரிடம், "கொஞ்சம் பொறுங்க, பதின்மூணு புள்ளி அஞ்சு ஆகட்டும்" என்றார்.

"கிளிப்ப மாத்தி மாட்டினா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அது நடக்கக்கூடிய காரியம்.

மருமகள் யோசிக்காமல் சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாட்டினாள். நான் ஒரு அடி பின்வாங்கினேன். இரண்டு பெட்டியும் சிவப்பு விளக்கைக் காட்டியதோடு சரி. பொறி இல்லை, சத்தம் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. அது புத்தகத்தில் படித்ததல்ல. எங்கள் ஊரில் மழை பெய்தால் கரன்ட் போகும், மரம் விழுந்தால் போகும், சில நாள் காரணமே இல்லாமல் போகும். நான் எழுந்து போய்ச் சுவர் சுவிட்ச்சை அணைத்தேன். பத்து எண்ணினேன். போட்டேன். திரை வைத்த பெட்டி கண் விழித்தது, எழுத்துகள் மின்னின. ஆனால் சார்ஜ் தொடங்கவில்லை. பொத்தானை யாராவது அழுத்த வேண்டுமென்று காத்திருந்தது. மூன்று விளக்குப் பெட்டியோ கரன்ட் வந்ததும் எதுவும் நடக்காதது போல மஞ்சளைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கியது.

மருமகள் என்னைப் பார்த்தாள். "இத நான் இதுவரைக்கும் பாத்ததில்ல மிஸ். நல்லாக் கேட்டீங்க. நீங்க ஆறு நாளும் பக்கத்துல நின்னு பொத்தான் அமுக்கப் போறீங்களா?"

"இதுல ஒரு கொறையும் இல்லையா?"

"இருக்கு. சுத்தமா செத்த பேட்டரிய இது பேட்டரின்னே ஒத்துக்காது. விளக்கே எரியாது. கொஞ்சமாவது உசுரு இருக்கும்போது மாட்டிறணும்."

குறையைக் கேட்டபிறகுதான் எனக்கு அதன் மேல் நம்பிக்கை வந்தது. திரையை ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு மூன்று விளக்குப் பெட்டியை வாங்கினேன். எண் பார்க்கிற ஆசைக்குத் தனியாக ஒரு மல்டிமீட்டரும், புதுப் பேட்டரியும் வாங்கினேன். சார்ஜரோடு வந்த ப்ளக் இரண்டு தட்டை முள் வைத்தது. அதற்கு அடாப்டர் போடக் கூடாது, ஆடிக்கொண்டே இருக்கும் என்று சொல்லி அவளே வெட்டிவிட்டுச் சதுர முள் ப்ளக் மாட்டிக் கொடுத்தாள்.

ஷெட்டில் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரு பலகை அடித்து, அதன் மேல் சார்ஜரை வைத்தேன். பேட்டரிக்கு நேர் மேலே வைக்கவில்லை. கொதிப்பின் பாடம் ஒன்று போதும். முதல் வாரம் அதை மாட்டி வைத்தேன். பச்சை எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கார் உறுமியது. இத்தோடு கதை முடிந்தது என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். எனக்கு, மாட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகுமுன் அளந்தேன். பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட். ஷெட் கதவில் தொங்கிய கலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் எழுதினேன். அடுத்த நாள் பன்னிரண்டு புள்ளி ஐந்து. புதன்கிழமை பன்னிரண்டு புள்ளி நாலு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு புள்ளி ஒன்றுக்கு வந்துவிட்டது. நல்ல பேட்டரி சும்மா நின்றால் மாதக் கணக்கில்தான் இப்படி இறங்கும். எனக்கு ஒரு விதமான பரவசம் வந்தது, சொல்லத்தான் வேண்டும். இரத்த அறிக்கையில் யாரும் எதிர்பார்க்காத ஒரு எண் வந்தால் ஆய்வுகூடத்தில் வருகிற அதே உணர்வு. கடைக்குப் போன் போட்டேன்.

"ரொம்ப வேகமா எறங்குது மிஸ்" என்றாள் மருமகள். "எங்கேயோ ஒழுகுது. நெகட்டிவ் வயரக் கழட்டிட்டு நடுவுல மீட்டரப் போட்டுப் பாருங்க. கதவெல்லாம் பூட்டியிருக்கணும், சாவியும் வெளிய இருக்கணும்."

சனிக்கிழமை என் கணவர் வந்ததும் சாப்பாடு போட்டுவிட்டு ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் சொன்னபடி மீட்டரை நடுவில் வைத்தோம். புள்ளி இரண்டு ஒன்று ஆம்பியர். சாவி இல்லை, விளக்கு இல்லை, கதவு பூட்டியிருக்கிறது. இருந்தும் கார் இரவும் பகலும் குடித்துக்கொண்டிருந்தது. முப்பத்தைந்தை அதால் வகுத்துப் பார்த்தேன். நூற்று அறுபத்தாறு மணி நேரம், ஏறக்குறைய ஏழு நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள்.

"நீங்க ஒவ்வொரு ஃபியூஸா கழட்டுங்க. நான் எண்ணப் பாக்குறேன்."

அவர் பானெட்டுக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இப்ப?"

"புள்ளி ரெண்டு ஒண்ணு."

"இப்ப?"

"அப்படியேதான் இருக்கு."

ஏழாவதோ எட்டாவதோ கழற்றும்போது எண் சட்டென்று விழுந்தது. புள்ளி பூச்சியம் ஒன்று. "இதுதாங்க! இது என்ன ஃபியூஸ்?" என்று நான் ஏறக்குறையக் கத்தினேன். அவர் மூடியின் உள்பக்கம் இருந்த படத்தைப் பார்த்தார். விரலை வைத்து மறுபடி எண்ணினார்.

"ரேடியோ" என்றார்.

பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டு, யூ.எஸ்.பி. போடுகிற ஒரு செட்டை அவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டியிருந்தார்கள். கடையில் கொடுக்காமல் தாங்களே மாட்டிவிட்டதில் இரண்டு பேருக்கும் பெரிய சந்தோஷம்.

"எப்பங்க போட்டீங்க இத?"

"காது குத்துக்கு ஒரு மாசம் முந்தி."

"வயர எப்படிக் குடுத்தீங்க?"

"மஞ்சள் ஒண்ணும் சிவப்பு ஒண்ணும் இருந்துச்சு. ரெண்டும் பன்னெண்டு வோல்ட்தானேன்னு சேத்து முறுக்கிட்டோம்."

நான் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். முதலில் சிரித்தது அவர். மீட்டரை என் கையிலிருந்து வாங்கி, ஃபியூஸை மறுபடி மாட்டி, எண் ஏறுவதைப் பார்த்து, கழற்றி, இறங்குவதைப் பார்த்து, நாலைந்து தடவை செய்தார். "ரெண்டு பேட்டரியக் கொன்னுட்டேனே" என்றார். முதல் பேட்டரிக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. நிரப்பிவிட்டால் இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கும். அதை நாங்கள் பாஸிடமே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

வயரிங் செய்கிற ஒருவரை அடுத்த வாரம் கூப்பிட்டோம். அவர் இரண்டு வயரையும் சாவியோடு வேலை செய்கிற இடத்துக்கு மாற்றினார். ஒழுக்கு நின்றது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தபோது ரேடியோ எல்லாவற்றையும் மறந்திருந்தது. மணி பன்னிரண்டு காட்டியது. என் கணவர் பாடுபட்டுச் சேர்த்து வைத்த ஸ்டேஷன் ஒன்றுகூட இல்லை. எங்கள் மலைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டேஷனைப் பிடிப்பது லேசான காரியமில்லை. அடுத்த ஞாயிறும் மறந்தது. மூன்றாவது ஞாயிறு அவர் பொத்தானைத் தட்டிக்கொண்டே, "ஒனக்குக் கரன்ட் மிச்சமாகுது. எனக்குப் பாட்டு போச்சு" என்றார்.

மஞ்சள் வயர் எதற்கு என்று அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. அது ரேடியோவின் ஞாபகத்துக்குப் போகிற சின்னச் சாப்பாடு, அதை நிறுத்தக் கூடாது. சிவப்புதான் சாவியோடு போக வேண்டியது. வயரிங்காரர் மறுபடி வந்து மஞ்சளை மட்டும் பழைய இடத்துக்கு மாற்றினார். நான் மீட்டரோடு நின்றேன். புள்ளி பூச்சியம் இரண்டு. வகுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கலாம்.

என் கணவரும் பக்கத்தில் நின்று அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர் இந்த எண்களில் ஒன்றையும் தவற விடுவதில்லை.

"அப்ப இனிமே அந்தச் சார்ஜர் எதுக்கு?"

"கோயிலுக்கும் சந்தைக்கும் போய்ட்டு வர்ற தூரத்துல, ஸ்டார்ட் பண்ண எடுத்த கரன்ட்டுகூட சரியாத் திரும்பி ஏறாதுங்க. பேட்டரி அரைவயித்தோடயே நின்னா உள்ள தகட்டுல உப்பு படிஞ்சு கெட்டுப்போயிரும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நெரப்பிக் குடுத்தா நல்லது."

"அதுக்காக மட்டுந்தானா?"

நான் கலண்டரைக் காட்டினேன். "மஞ்சள்ல இருந்து பச்சைக்கு மாற எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு ஒவ்வொரு தடவையும் பாக்குறேன். ஒரே மாதிரி இருக்க மாட்டேங்குது. ஏன்னு தெரியல."

"போன தடவ எவ்வளவு?"

"மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தானே போய்ச் சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டி, ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, கடைசியாகச் சுவர் சுவிட்ச்சைப் போட்டார். மஞ்சள் எரிந்தது. கலண்டரில் அன்றைய கட்டத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு, டீ போடச் சொன்னார்.